நஞ்சப்பன் நாத்து மாத்தின வைபவம்

"என்ற பொணங்கூட இந்த ஊட்டுல இருந்துதான் போகும்!"

நஞ்சப்பன் சபதம் போட்டார். போட்ட வேகத்தில் கையிலிருந்த டீ குலுங்கி வேட்டியில் கொட்டியது. சபதம் போடுகிறவன் கையில் சூடாக எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் அவருக்குக் கோபம் சொல்லிவிட்டா வருகிறது?

எதிரே கற்பகம் நின்றாள். அவள் கேட்டது இவ்வளவுதான்: "ஏனுங்க, நாத்தெல்லாம் வளந்துருச்சுங்க. பெரிய தொட்டிக்கு மாத்தோணும். இங்க எடமில்லீங்களே, எலப்புள்ளி ஊட்டுக்குக் கொண்டு போலாமுங்களா?"

எலப்புள்ளி ஊடு என்று காதில் விழுந்தால் போதும். நஞ்சப்பனுக்கு முதலில் காது சிவக்கும், அப்புறம் மூக்கு, அப்புறம் சபதம்.

அந்த வீடு கற்பகத்தின் அப்பா அவளுக்குப் பங்காகக் கொடுத்தது. மாடி வீடு. முன்னால் சிட்டவுட் என்கிற அகலமான திறந்த திண்ணை, சுற்றிலும் தென்னை, நல்ல காற்று. குடியிருந்த வாத்தியார் மாற்றலாகிப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. நஞ்சப்பன் குடியிருந்ததோ கஞ்சிக்கோட்டில், நாலுவழிச் சாலையை ஒட்டி, தன்னுடைய பழைய டிரம் கிடங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வாடகை வீட்டில். பாக்டரிகளில் காலியாகும் டிரம்மையெல்லாம் அடித்துப் பேசி வாங்கி, கழுவி, அதைவிட ஓங்கி அடித்துப் பேசி விற்கிற தொழில். வாசலில் லாரி ஒன்று போனால் சோற்றுத் தட்டில் ஒரு பிடி தூசி விழும். கற்பகத்துக்கு இளைப்பு. குடம் தூக்கினால் இளைக்கும், படி ஏறினால் இளைக்கும், இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு இருக்காது.

தூசி இல்லாத இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். நஞ்சப்பன் டாக்டரிடமும் பேரம் பேசினார். "எடத்த மாத்தறதெல்லாம் கட்டுப்படியாகாதுங்க டாக்டர். ரெண்டு மாத்திரை சேத்திக் குடுத்து முடிச்சு உடுங்க." டாக்டர் மாத்திரை கொடுத்தார். இளைப்புதான் முடித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளவில்லை.

நஞ்சப்பன் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருடைய சிக்கல் வேறு. வெறுங்கையோடு ஊருக்கு வந்து, சாக்கு மூட்டைமேல் படுத்து, அடிபட்டு மிதிபட்டு ஆளானவர். இதுவரை யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சும்மா வாங்கிக் குடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் மாமனார் கொடுத்த வீட்டில் போய்க் குடியேறினால் ஊர் என்ன சொல்லும்? நஞ்சப்பன் ஊட்டோட மாப்பிள்ளையாப் போயிட்டான் என்று சொல்லும். தலை நரைத்து, மருமகன் தேட வேண்டிய வயசில், மருமகனாகப் போவதா?

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் வேட்டியை உதறிக்கொண்டே. "மொதல்ல நாத்துப் போகும். நாத்துக்குத் தண்ணி ஊத்த நீ போவே. சோறு போட ஆளில்லாம பின்னாலயே நான் வருவேன். இதுதான உன்ற கணக்கு?"

"ஐயோ, எனக்கு அப்பிடியெல்லாம் கணக்குப் போடத் தெரியுமுங்களா? நான் எட்டாவதுல பெயிலானதே கணக்குலதானுங்க."

"நாத்து இங்கயேதான் இருக்கும். எடமா இல்ல? கிடங்கு நெறைய டிரம் கெடக்குது. நானே மாத்தறேன்!"

"நீங்களா?"

அந்த 'நீங்களா'வில் இருந்த மரியாதைதான் நஞ்சப்பனைச் சுட்டது.

உண்மையில் அவர் மனசில் ஒரு திட்டம் உதித்திருந்தது. பாதியாக அறுத்த டிரம்மில் மண்ணை நிரப்பிவிட்டால் நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. நாத்து அதில் வேர்விட்டால் செடியும் இங்கே, செடிக்காரியும் இங்கே. எலப்புள்ளிப் பேச்சுக்கு அன்றோடு சமாதி. இப்படியொரு மூளையைக் கடவுள் ஏன் டிரம் வியாபாரத்துக்கு அனுப்பினார் என்று நஞ்சப்பன் தனக்குத்தானே வியந்துகொண்டார்.

உச்சி வெயிலில் வேலையைத் தொடங்கினார். அயல்கூட்டம் என்கிற பஞ்சாயத்து மகளிர் குழுவில் கற்பகத்துக்குக் கொடுத்த நாத்துத் தட்டு. தக்காளி, கத்திரி, மிளகாய். ஒவ்வொன்றையும் தண்டைப் பிடித்துப் பிடுங்கினார், பள்ளிக்கூடத்தில் காதைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி. வேரில் மண் ஒட்டியிருந்தது. நஞ்சப்பனுக்கு அழுக்கு ஆகாது. கழுவாத டிரம்மை அவர் விற்றதே கிடையாது. அந்த நாணயத்தை நாத்திலும் காட்டினார். வாளித் தண்ணீரில் வேரை அலசினார். ஒரு பொட்டு மண் இல்லாமல் வெள்ளைவெளேரென்று ஆக்கினார். டிரம்மில் நட்டு, கட்டைவிரலால் அழுத்தி, மேலே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார்.

பொழுது சாய்வதற்குள் நாத்தும் சாய்ந்தது. மறுநாள் பார்த்தால் டிரம்மில் கிடந்தது அவித்த கீரை.

கற்பகம் வந்து பார்த்தாள். திட்டவில்லை. முறைக்கவில்லை. பெண்டாட்டி திட்டாமல் போனால் புருஷன் உஷாராக வேண்டும். நஞ்சப்பன் ஆகவில்லை.

"பரவால்லீங்க," என்றாள். "பாதி நாத்த நான் தனியா எடுத்து வெச்சிருக்கறனுங்க."

"எதுக்கு?"

"நீங்க மாத்தறேன்னு சொன்னீங்களேங்க. அதுக்குத்தானுங்க."

நஞ்சப்பன் அதை முழுங்கிக்கொண்டார். "செரி, எப்பிடி மாத்தோணும், சொல்லு."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தச் செரமம்? எலப்புள்ளியில பக்கத்து ஊட்டுக் கத்தரீனாளக்கா இருக்கறாங்க. அவுங்க நெம்பப் பக்குவமா மாத்துவாங்க. நீங்க டிரம்மப் பாருங்க."

கத்தரீனாளா! நஞ்சப்பன் வாழ்க்கையில் தோற்ற ஒரே பேரம் கத்தரீனாளிடம்தான். தண்ணீர் பிடிக்க டிரம் கேட்டு வந்தவள், அவர் சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் கேட்ட விலைக்கு அவரே டிரம்மை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

"அவ எதுக்குடி? நான் மாத்தறேன். நீ வழியச் சொல்லு!"

கற்பகம் தயங்கினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல முந்தானையைத் திருகினாள். பிறகு சொன்னாள்.

"செடிக்கு அதிர்ச்சி ஆகக் கூடாதுங்க. எடம் மாறறதே அதுக்குத் தெரியக் கூடாது. மொத நாளு சித்த நேரம் புது எடத்துல வெச்சுட்டு, திருப்பிக் கொண்டாந்தரோணும். அடுத்த நாளு இன்னுங் கொஞ்சம் சேத்தி. அந்த வெயிலு, அந்தக் காத்து எல்லாம் பழகோணுமுங்க. பழகுன பொறவு, வேரச் சுத்தி இருக்கற பழைய மண்ணு உதிராம அலுங்காம எடுத்து வெச்சரோணும். பழைய மண்ணு கூடவே இருந்தா, மாறுனது தெரியாம அது பாட்டுக்கு இருந்துக்குமுங்க."

நஞ்சப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "செடின்னா அத்தன ஏமாளியா?"

"நல்ல செடிங்க," என்றாள் கற்பகம். "நம்பிருமுங்க."

பழக்குவதற்கு லாரிப் புகையும் தார் ரோட்டு அனலும் உதவாது, பாதி நிழலும் பாதி வெயிலும் வேண்டும் என்றாள். அப்படிப்பட்ட இடம் எலப்புள்ளி சிட்டவுட்தான் என்பதை அவள் சொல்லவில்லை. நஞ்சப்பனே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு நிபந்தனையும் போட்டார்.

"சிட்டவுட்டோட செரி. வாசப்படியத் தாண்டி ஒரு அடி வெக்க மாட்டேன்."

"எதுக்குங்க வெக்கறீங்க? செடிக்கு ஊட்டுக்குள்ள என்ன வேலைங்க?"

ஆக, முதல் நாள் மொபெட் கிளம்பியது. முன்னால் நஞ்சப்பன், பின்னால் கற்பகம், அவள் மடியில் நாத்துத் தட்டு. சிட்டவுட்டில் தட்டை வைத்தார்கள். சித்த நேரம் நின்றார்கள். திரும்பி வந்தார்கள். நஞ்சப்பனுக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் மயில் வந்தது. அந்தப் பக்கத்து மயில்களுக்கு வெட்கம் மானம் கிடையாது. நாத்தைக் கண்டதும் விருந்துக்கு வந்த சம்பந்தி போல நேராகத் தட்டுக்கே நடந்தது. நஞ்சப்பன் துண்டை வீசினார். அது நாலடி நகர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தது. அவர் கத்தினார். அதுவும் கத்தியது. அதன் தொண்டை பெரிசு.

வேலிக்கு அந்தப் பக்கம் கத்தரீனாள் தலை தெரிந்தது. அவள் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். "எந்தா நஞ்சப்பண்ணா, மயில்கிட்டயும் பேரமா?"

"செடிக்குக் காவல் இருக்கறேன்!"

"நின்னுக்கிட்டேவா? ஒரு கசேரி போட்டு இருந்தா என்ன? இல்ல, மாமனார் ஊட்டுல உக்காந்தா மானம் போயிருமா?"

மறுநாள் நஞ்சப்பன் தன் சொந்த நாற்காலியை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார். மாமனார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால்தானே பேச்சு? இது தன் காசில் வாங்கியது. இதில் உட்கார்ந்தால் கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்த மாதிரிதான்.

நாற்காலி வந்தால் போதுமா? மத்தியானம் கண்ணைச் சொக்கியது. தலையணை வந்தது. தலையணை வந்த பிறகு தரையில் எப்படிப் படுப்பது? மடக்குக் கட்டில் வந்தது. வெயில் ஏற ஏறக் காற்று நின்றது. டேபிள் பேன் வந்தது. சாயந்திரம் செய்தி பார்க்காவிட்டால் நஞ்சப்பனுக்குத் தலை வெடித்துவிடும். டிவி வந்தது. ஒவ்வொன்றையும் அவரே கட்டினார், அவரே சுமந்தார். கற்பகம் ஒவ்வொரு தடவையும் தடுத்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்? நாலு நாளு போனா திருப்பிக் கொண்டாரோணுமில்லீங்க?"

"கொண்டாந்துக்கலாம் போடி! சுமக்கறது நீயா நானா?"

"நீங்கதானுங்க," என்று கற்பகம் ஒப்புக்கொண்டாள்.

நடுவில் ஒரு நாள் கோடை மழை சாய்வாக அடித்தது. சிட்டவுட் முழுக்கச் சாரல். நாத்து நனைந்தால் கழுத்தொடிந்து போகுமே! தட்டைத் தூக்கிக்கொண்டு நஞ்சப்பன் உள்ளே ஓடினார். மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் கூடத்தின் நடுவில் நிற்பது தெரிந்தது. உடனே சட்டத்தைத் திருத்தினார்: உள்ளே போனது தட்டு, தட்டைப் பிடித்திருந்த கை கூடப் போனது, கையோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் மற்றதும் போக வேண்டியதாயிற்று. இதைக் குடியேறியதாகச் சொல்ல முடியாது. கட்டிலுக்கும் டிவிக்கும் அதே சட்டம். மின்சாரப் பொருள் நனையலாமா?

அப்புறம் அவை கூடத்திலேயே இருந்துவிட்டன. எடுத்து வெளியே போட மழை விடவில்லை. மழை விட்டபோது நஞ்சப்பனுக்கு நேரமில்லை.

நாத்து மாற்றும் நாள் வந்தது. பழகின வெயிலை விட்டு நகர்த்தினால் மறுபடி அவித்த கீரைதான் என்று கற்பகம் சொன்னதால், இங்கேயே நடுவதென்று முடிவாகியிருந்தது. "இன்னிக்கு வேல முடியப் பொழுதாயிரும். ராத்திரி இங்கயே இருந்து, விடிஞ்சதும் எல வாடியிருக்குதான்னு பாத்துட்டுப் போயரலாமுங்க," என்றாள் கற்பகம். விடிந்ததும் டீ இல்லாமல் நஞ்சப்பனுக்குக் கண் திறக்காது. ஆகவே அடுப்பையும் சிலிண்டரையும் அவரே கொண்டுவந்து இறக்கினார்.

வெயில் தாழ்ந்த பிறகு, மொட்டை மாடியில் கற்பகம் வரிசையாக வைத்திருந்த பெரிய தொட்டிகளில் ஆரம்பித்தார். இந்தத் தடவை வேறு நஞ்சப்பன். முதலில் தட்டுக்குத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டார். தண்டைத் தொடவில்லை, இலையைத்தான் பிடித்தார். குழியை அடியிலிருந்து மெல்ல அழுத்த, வேரும் மண்ணுமாக ஒரு கட்டி அப்படியே நழுவி உள்ளங்கைக்கு வந்தது. பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். தேங்காய்நார்த் தூள் கலந்த மண்ணில் குழி பறித்து, வைத்து, விரல் நுனியால் சுற்றிலும் அணைத்தார். வேலி ஓரத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கத்தரீனாளால்கூடக் குற்றம் சொல்ல முடியவில்லை.

"கொள்ளாம் நஞ்சப்பண்ணா. செடிக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது!"

நஞ்சப்பன் மீசையைத் தடவினார். "அதுதானுங்க வித்தை."

அன்று இரவுச் சாப்பாடு கத்தரீனாள் வீட்டிலிருந்து வந்தது. அப்பமும் கடலைக் கறியும். அடுப்பு இருந்தும் ஏன் பற்றவைக்கவில்லை என்று கேட்க நஞ்சப்பனுக்குத் தோன்றவில்லை. கடலைக் கறி அப்படி.

விடிந்தும் விடியாத நேரம். மாடியிலிருந்து கற்பகத்தின் குரல் வந்தது.

"ஏனுங்க! ஒரு எலகூட வாடலீங்க! எல்லாம் நட்டமா நிமுந்து நிக்குதுங்க!"

நஞ்சப்பன் படுக்கையிலேயே நெஞ்சை நிமிர்த்தினார். "பின்ன? யாரு மாத்துனது? டீ எங்க?"

"கையெல்லாம் மண்ணுங்க. பால் சட்டி அடுப்பு மேல இருக்குது. சித்தப் பத்த வெச்சு உடுங்க, தோ வாரேன்."

பற்றவைத்தார். சட்டி புதுசு, பளபளவென்று இருந்தது. இதை என்ன விலைக்கு அடித்திருப்பாள் என்று மனசு எடை போடத் தொடங்கியபோது போன் அடித்தது. டிரம் கேட்டு ஒரு பார்ட்டி. விடிந்ததும் முதல் வியாபாரம். நஞ்சப்பன் அடுப்புக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு களத்தில் இறங்கினார். "கட்டாதுங்க! நீங்க கேக்கற வெலைக்கு மூடிகூட வராதுங்க! வெக்கட்டுமா போன?"

பின்னால் சொய்யென்று ஒரு சத்தம்.

திரும்பினால் பால் பொங்கி நாலு பக்கமும் வழிகிறது. "அய்யய்யோ" என்று அவர் வாய் திறப்பதற்குள் வாசலில் கைதட்டல் கேட்டது. வாழைத்தாரோடு மணிகண்டன் நின்றான். கற்பகத்தின் தம்பி, புது வேட்டி, நெற்றியில் சந்தனம். அவனுக்குப் பின்னால் லட்டுப் பெட்டியோடு கத்தரீனாள். அவளுக்குப் பின்னால் அயல்கூட்டத்துப் பெண்கள்.

"பொங்கிருச்சுங்க மாமா!" என்றான் மணிகண்டன். "நெறஞ்சு பொங்கிருச்சு! ஊடு செழிக்குமுங்க!"

"யாரக் கேட்டுடா இந்த ஊட்டுல பால் காச்சுனீங்க?"

"நீங்கதானுங்களே மாமா காச்சுனீங்க!"

நஞ்சப்பன் அடுப்பைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். கையிலிருந்த லைட்டரைப் பார்த்தார்.

வீட்டுக்காரன் தன் கையால் அடுப்பு மூட்டிப் பால் பொங்கிவிட்டால் குடி புகுந்தாயிற்று. இதில் அப்பீல் கிடையாது. பொங்கின அன்றைக்கே பூட்டிவிட்டுக் கிளம்பினால் வீட்டுக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது. காலையில் முதல் போணி ஆன சரக்கைச் செத்தாலும் திருப்பி எடுக்காத வியாபாரி நஞ்சப்பன். இதைத் திருப்புவாரா?

"இன்னிக்கு என்ன நாளு?" என்றார் சந்தேகத்தோடு.

"வளர்பிறை முகூர்த்தமுங்க மாமா," என்றான் மணிகண்டன்.

படியிறங்கி வந்த கற்பகத்தைப் பார்த்ததும் காது சிவந்தது. "நான் கஞ்சிக்கோட்டுக்குக் கெளம்பறேன்! என்ற கட்டில்லதான் படுப்பேன்!"

"கட்டில் இங்கதானுங்க இருக்குது."

"என்ற துணிப் பெட்டி?"

"மழைக்கு மாத்துத் துணி வேணும்னு போன வாரம் நீங்கதானுங்க கொண்டாந்தீங்க."

"பின்ன அங்க என்னதான் இருக்குது?"

கற்பகம் யோசித்தாள். "டிரம் இருக்குதுங்க."

அயல்கூட்டம் மொத்தமும் சிரித்தது. கத்தரீனாளின் சிரிப்பு தனியாகக் கேட்டது. கத்துவதற்காக நஞ்சப்பன் மூச்சை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். இந்தப் பொம்பளை மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியிருக்கிறாள், தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொல்கிறாள். ஒரு தடவைகூட இளைக்கவில்லை. அதை அவர் கவனித்தார். கவனித்ததை மற்றவர்கள் கவனித்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே! நாலு பேர் முன்னால் போன மானம் நாலு பேர் முன்னால்தானே திரும்பி வர வேண்டும்?

"எல்லாரும் கேட்டுக்கங்க!" என்றார். "இந்த நஞ்சப்பன் யாரு ஊட்டுலயும் ஓசியில குடியிருக்க மாட்டான். இருக்கறதுன்னா வாடகை குடுத்துத்தான் இருப்பான்!"

"மாமா, அக்கா ஊட்டுக்கு வாடகையா?"

"நீ சும்மா இர்றா மாப்ளே! ஏய் கற்பகம், மாசா மாசம் வாடகை. என்ன சொல்றே?"

"என்னுங்க இது, கட்டுன பொண்டாட்டிகிட்டயா? வேண்டாமுங்க."

நஞ்சப்பன் ஒரு தொகை சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். வியாபாரத்தில் எதிராளி வேண்டாம் என்றால் தொகை பற்றவில்லை என்று அர்த்தம். ரத்தத்தில் ஊறிய பழக்கம் விடுமா? ஏற்றினார். அவள் தலையாட்டினாள். இன்னும் ஏற்றினார். அவள் கண்ணைத் துடைத்தாள். அவர் மேஜையைக் குத்தி மறுபடியும் ஏற்றினார். கஞ்சிக்கோட்டு வாடகையைப் போல் இரண்டு பங்கைத் தாண்டிய இடத்தில் கற்பகம் தலை குனிந்தாள்.

"நீங்க இத்தன தூரம் சொல்றப்ப நான் மறுத்துப் பேசறது மரியாதையில்லீங்க. உங்க இஷ்டமுங்க."

"அப்பிடி வா வழிக்கு!"

ஜெயித்தாயிற்று. நஞ்சப்பன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். கத்தரீனாளை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். இனி எவன் சொல்வான் ஊட்டோட மாப்பிள்ளை என்று? பாலைக் குடித்தார், லட்டைத் தின்றார், வந்தவர்களைத் தாராளமாக வழியனுப்பினார். பிறகு டிரம் கிடங்குக் காலண்டரைத் தேடி எடுத்தார். கூடத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து, ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

சமையலறையிலிருந்து கற்பகம் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, வாடகைக்கு இருக்கறவுங்க செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்க."